மேசைக்கு அடியில் நூற்று நாற்பத்தெட்டு நாள்

அந்த ஜன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் மூடிவிடுகிறீர்களா அம்மிணி? எனக்குக் காற்று ஆகாது என்று இல்லை. மடியில் இருக்கிற பையில் காகிதம் இருக்கிறது. இரண்டே தாள். அட்டைக்குள் வைத்து மேலே ரப்பர் பேண்டு இரண்டு போட்டிருக்கிறேன், பறக்காது. இருந்தாலும் மூடிவிட்டால் எனக்கு நிம்மதி.

நீங்கள் திருச்சி வரைக்குமா? நான் குளித்தலையில் இறங்கிவிடுவேன். பன்னிரண்டு மணிக்குள் அங்கே ஒரு டீச்சர் வீட்டில் இருக்க வேண்டும். பத்தேகாலுக்கு எடுப்போம் என்று கண்டக்டர் சொன்னார், எடுத்தது பத்து இருபத்திரண்டுக்கு. ஏழு நிமிஷம் கரூர் பஸ் ஸ்டாண்டிலேயே போய்விட்டது. பன்னிரண்டு மணிக்கு அச்சடிக்கிற பிரஸ்காரர் வந்து முப்பத்தாறு தாளையும் வாங்கிக்கொண்டு போவாராம். முப்பத்தைந்து தயாராக இருக்கிறது. முப்பத்தாறாவது இந்தப் பையில் இருக்கிறது. இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

நான் இப்படிப் புது ஆட்களிடம் பேசுகிறவள் இல்லை. துணி எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருபத்தேழு வருஷம் செக்கிங் டேபிளில் நின்றேன். பக்கத்து டேபிள் காளியம்மாளுக்கு என் வீடு எந்தத் தெரு என்று கடைசிவரை தெரியாது. இன்றைக்கு ஏனோ வாய் நிற்கவில்லை. வீட்டில் ஒருத்தி பதினோரு நாளாக என்னிடம் பேசுவதில்லை. அதனால் இருக்கும்.

அவளுக்குப் பத்து வயசு. தம்பி மகள். தன்ஷிகா என்று பெயர். நான் தம்பி வீட்டில்தான் இருக்கிறேன், எனக்கென்று குடும்பம் இல்லை. அதை விடுங்கள்.

கொரோனா என்று பள்ளிக்கூடத்தை மூடினார்கள் இல்லையா, ஜூன் மாசம் போனில் வகுப்பு ஆரம்பித்தது. அஞ்சாம் வகுப்பு. தம்பி நாச்சிமுத்து பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் வேலை செய்கிறான். மிஞ்சின தகட்டில் ஒரு மேசை அடித்துக் கொண்டுவந்து போட்டான். நாலு கால், நல்ல கனம். அவன் மனைவி சுகந்தி ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்த வருஷம் அவள் வீட்டுக்கு வந்ததே குறைவு, வந்தாலும் மாடி அறையில் தனியாக இருந்துகொள்வாள். அப்போது குழந்தைக்குப் பக்கத்தில் யார் உட்கார்வது? கம்பெனியில் ஆள் குறைத்தபோது என்னையும் அனுப்பிவிட்டார்கள். நான் சும்மாதான் இருந்தேன்.

முதலில் பக்கத்தில் நாற்காலி போட்டுத்தான் உட்கார்ந்தேன். ஒன்பதாம் நாள் பெனிட்டா மிஸ், அவர்தான் வகுப்பு டீச்சர், "தன்ஷிகா, பக்கத்துல யாரும்மா?" என்று கேட்டுவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. முப்பத்தைந்து வீட்டில் முப்பத்தைந்து பேர் என் முகத்தைப் பார்த்திருப்பார்கள். அவர்களைப் பெற்றவர்களையும் சேர்த்தால் எத்தனையோ. மறுநாளிலிருந்து மேசைக்கு அடியில் போய்விட்டேன். ஒரு பாய் போட்டு, சுவரோரமாக. அங்கே இருந்தால் யார் கண்ணிலும் பட மாட்டேன். குழந்தை மட்டும் குனிந்தால் என்னைப் பார்க்கலாம்.

சிலேட்டு ஒன்று வைத்திருந்தேன். மிஸ் கணக்குக் கேட்பார், இவள் விழிப்பாள். நான் எழுதி உயர்த்திக் காட்டுவேன். வேறு ஒன்றும் செய்யவில்லை. தூங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளத்தான் உட்கார்ந்தேன். பதில் தெரிந்த பிறகு காட்டாமல் இருந்தால் அது எனக்கு உறுத்தாதா?

இங்கிலீஷ் வகுப்பில் நான் வாயே திறக்க மாட்டேன். கணக்கும் தமிழும் நான் பார்த்துக்கொண்டேன். நானும் அஞ்சாவது வரை படித்தவள்தான். அஞ்சாவது முழுசாக இல்லை, தை மாசம் வரைக்கும். அப்புறம் நூல் சுற்றப் போய்விட்டேன். இந்தத் தடவை விடவில்லை. ஒரு நாள் தவறாமல் உட்கார்ந்தேன். நூற்று நாற்பத்தெட்டு நாள். ஒரு நாள் கரண்டு இல்லை, ஒரு நாள் மிஸ்ஸுக்குக் காய்ச்சல், அந்த இரண்டையும் நான் கணக்கில் சேர்க்கவில்லை. அரைப் பரீட்சையில் கணக்கில் நாங்கள் தொண்ணூற்றாறு. அந்த நாலு மார்க் எங்கே போனது என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

இது எந்த ஊர்? புலியூர் தாண்டியாச்சா? சரி.

வகுப்பில் வேடிக்கையும் நடக்கும். ஒரு பையன் வீட்டில் அவன் அப்பா துண்டைக் கட்டிக்கொண்டு பின்னால் போவார், மிஸ் "சார், சார்" என்று கூப்பிடுவார், அவர் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நின்று சுற்றிப் பார்ப்பார் என்று இவள் குனிந்து சொல்வாள். இன்னொரு வீட்டில் சேவல். மிஸ் "பதில் சொல்லு" என்றால் சேவல்தான் முதலில் சொல்லும். அந்த மாதிரி நேரத்தில் நான் முந்தானையை எடுத்து வாயில் அழுத்திக்கொள்வேன். சத்தம் வந்தால் மைக்கில் போய்விடும் இல்லையா? வேலை செய்கிற இடத்தில் ஒழுங்காக இருக்க வேண்டும்.

பங்குனி மாசம் வந்தது. பள்ளிக்கூடம் திறக்கிற வழியைக் காணோம். ஆண்டு விழா இல்லை, குரூப் போட்டோ இல்லை, ஒன்றும் இல்லை. மிஸ்தான் பாவம், பிள்ளைகள் மனசு விட்டுப்போகக் கூடாது என்று கடைசி இரண்டு வாரத்துக்கு ஒரு திட்டம் சொன்னார். வீட்டில் வீணாகிற பொருளில் ஏதாவது ஒன்று செய்ய வேண்டும். வீட்டில் இருக்கிற ஒருத்தருக்கு நன்றிக் கடிதம் எழுத வேண்டும். அப்புறம் வகுப்புப் புத்தகம். ஆளுக்கு ஒரு பக்கம் படம், 'இந்த வருஷம் நான் பார்த்தது' என்று தலைப்பு. அதை அச்சடித்து எல்லார் வீட்டுக்கும் கொடுப்பார்கள். கடைசி நாள் போனில் எல்லாரும் கூடி, ஒவ்வொருத்தரும் தன் பக்கத்தைப் பற்றி இரண்டு வார்த்தை பேச வேண்டும், ஒவ்வொருத்தருக்கும் மிஸ் ஒரு பட்டம் கொடுப்பார்.

எனக்கு அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு வாரத்தில் மூன்று வேலை. தேதி போட்டுக் கொடுத்துவிட்டார். நான் காலண்டரில் வட்டம் போட்டேன்.

முதல் வேலை, வீண் பொருள். இவள் தேங்காய்ச் சிரட்டையை எடுத்து மூக்கு ஒட்டி, "அத்தை, ஆமை" என்றாள். ஆமைக்கு மூக்கு எதற்கு? என்னிடம் கம்பெனித் துணி வெட்டு நிறைய இருந்தது. நான் சுவரில் மாட்டுகிற மாதிரி ஒன்று தைத்தேன். முப்பத்தாறு சதுரம், வகுப்பில் ஒருத்தருக்கு ஒன்று. ஒவ்வொன்றும் மூன்றங்குலம், நூல் கூடப் பிசகவில்லை. மிஸ் பார்த்துவிட்டு, "நீயே செஞ்சியா தங்கம்?" என்றார். இவள் "ம்" என்றாள். அந்த 'ம்' கொஞ்சம் மெதுவாக வந்தது. கூச்சம். எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் உண்டு.

இரண்டாவது கடிதம். இவள் அவள் அம்மாவுக்கு எழுதினாள். மாடிக்கும் கீழுக்கும் இருந்துகொண்டு கடிதமா என்று கேட்டேன். நல்லாத்தான் எழுதியிருந்தாள், வரிகள் மட்டும் கீழே சரிந்துகொண்டு போயின. திரும்ப எழுதச் சொன்னேன். நாலு தடவை. நாலாவதில் வரி நேராக வந்தது. நடுவில் நாலைந்து வாக்கியத்தைக் காணோம். கை வலிக்கிறது என்று விட்டுவிட்டாளாம். அதனால் என்ன, பார்க்க அழகாக இருந்தது. சுகந்தி அதைப் படித்துவிட்டு, "நங்கையா, இது எனக்கு வந்த லெட்டரா, கரண்டு ஆபீசுக்கு எழுதின லெட்டரா?" என்றாள். புருஷனுடைய அக்காவை எங்கள் பக்கம் நங்கையா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் எப்போதும் இப்படித்தான், சிரித்துக்கொண்டே சொல்வாள். பாராட்டா குத்தலா என்று பிரிக்க முடியாது.

மூன்றாவதுதான் இந்தத் தாள்.

அதை இவள் எனக்குக் காட்டாமல் போட்டாள். மூன்று நாள் கதவைச் சாத்திக்கொண்டு. நாலாம் நாள் குளிக்கப் போனபோது நான் எடுத்துப் பார்த்தேன். அம்மிணி, நான் என்ன சொல்வேன்! மேசை போட்டிருக்கிறாள், மேலே போன், மேலே இவள். கீழே நான். சிலேட்டைத் தூக்கிக்கொண்டு, சம்மணம் போட்டுக்கொண்டு. தாளில் முக்கால்வாசி நான்தான். இது புத்தகத்தில் வந்தால் என்ன ஆகும்? முப்பத்தாறு வீட்டுக்கும் தெரியும். பத்தாம் நாளிலிருந்து ஒளிந்திருந்ததெல்லாம் என்னத்துக்கு?

அதுகூடப் போகட்டும். குறை எத்தனை தெரியுமா? ஏழு.

செக்கிங்கில் எங்களுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. துணியில் குறை இருந்தால் நாங்கள் கை வைத்துச் சரி செய்யக் கூடாது, அது டெய்லர் வேலை. திட்டவும் கூடாது. சிவப்பில் அம்பு மாதிரி சின்ன ஸ்டிக்கர் இருக்கும். குறை எங்கே இருக்கிறதோ அங்கே அம்பின் முனை படுகிற மாதிரி ஒட்டிவிட்டு அடுத்த பீஸை எடுக்க வேண்டும். வேலையை விட்டு வரும்போது ஒரு ரோல் என் பையிலேயே தங்கிவிட்டது. நான் அதை எடுத்து ஒட்டினேன். திட்டவில்லை, ஒரு வார்த்தை சொல்லவில்லை, காட்டினேன். அவ்வளவுதான். கையில் ஆறு விரல், ஒன்று. மேசைக்கு மூன்று கால், இரண்டு. மின்விசிறியைவிடப் போன் பெரிசு, மூன்று. என் புடவைக்குக் கரை இல்லை, நாலு. மூக்குத்தி இடது பக்கம் போய்விட்டது, அஞ்சு. சிலேட்டில் ஏழெட்டு ஐம்பத்திநாலு என்று போட்டிருக்கிறாள், ஆறு. நான் என் ஆயுசில் அப்படி எழுதிக் காட்டியதில்லை, ஐம்பத்தாறு என்றுதான் காட்டினேன். ஏழாவது ஒன்று இருக்கிறது, அதை அப்புறம் சொல்கிறேன்.

அதை ஒரு அட்டைப்பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டு, நேரமாகிறதே என்று நானே வேறு ஒரு தாளில் போட்டேன். பள்ளிக்கூடத்தைப் போட்டேன். எல்.கே.ஜி.யிலிருந்து கொண்டுபோய் விட்டவள் இல்லையா, முன்பக்கம் இருபத்திரண்டு ஜன்னல் என்று எனக்குத் தெரியும். ஸ்கேல் வைத்து இருபத்திரண்டும் போட்டேன், கொடிக்கம்பம் போட்டேன், கேட் போட்டேன். ஒரு அழிப்பு இல்லை. கவரில் வைத்து ஒட்டி நாச்சிமுத்துவிடம் கொடுத்தேன், அவன் சனிக்கிழமை பள்ளிக்கூட ஆபீசில் கொடுத்துவிட்டு வந்தான். இவளிடம் தாள் மாறியதைச் சொல்லவில்லை, கொடுத்தாச்சு என்று மட்டும் சொன்னேன். சொன்னால் ஒரு பேச்சு, எதிர்ப்பேச்சு. நல்ல காரியத்துக்கு எதற்கு அதெல்லாம்?

தண்ணீர் கொஞ்சம் குடித்துக்கொள்கிறேன். மாஸ்க்கை இறக்கினால் உங்களுக்கு ஒன்றும் இல்லையே? இரண்டே மடக்கு.

திங்கட்கிழமை கடைசி நாள். நூற்று நாற்பத்தெட்டாவது நாள். இவளுக்குப் புதுக் கவுன். நானும், யார் பார்க்கப் போகிறார்கள், இருந்தாலும் நல்ல புடவை ஒன்று கட்டிக்கொண்டு அடியில் உட்கார்ந்தேன். வரிசை எண்படி கூப்பிட்டார்கள். இவள் முப்பத்தொன்று. முப்பது பிள்ளைகளும் பேசி முடிக்கிற வரைக்கும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கால் மரத்துவிட்டது, மாற்றி மாற்றி உட்கார்ந்தேன். ஒரு பெண் இந்த வருஷம் தான் பார்த்தது கொய்யா மரத்தில் ஒரு அணில் என்றாள். ஒரு பையன் தாத்தா செத்ததைப் பார்த்தேன் என்றான்.

அப்புறம் இவள் முறை. மிஸ் அந்தத் தாளைத் திரையில் காட்டினார். பள்ளிக்கூடம். "எவ்வளவு அழகா, எவ்வளவு நேர்த்தியா போட்டிருக்கா பாருங்க. இவளுக்கு நான் குடுக்கற பட்டம், நேர்த்தி ராணி" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். மைக் மூடியிருந்ததால் சத்தம் வரவில்லை, இவள் சொல்லித்தான் நான் பின்னால்... இல்லை, இவள் சொல்லவில்லை. அப்படித் தட்டியிருப்பார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். எனக்கு இதுவரை யாரும் ஒன்றும் கொடுத்ததில்லை. இருபத்தேழு வருஷத்தில் ஒரு தடவை ஒரு எவர்சில்வர் டப்பா கொடுத்தார்கள், அது எல்லாருக்கும் கொடுத்தது.

"சொல்லு தங்கம், ஏன் ஸ்கூலைப் போட்டே?" என்று மிஸ் கேட்டார்.

நான் சிலேட்டில் எழுதினேன், 'பள்ளி எனக்குப் பிடிக்கும்' என்று எழுதி உயர்த்தினேன். இவள் குனிந்து என்னைப் பார்த்தாள். சிலேட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். அப்புறம் நிமிர்ந்து சொன்னாள்:

"மிஸ், இந்த வருஷம் நான் ஸ்கூலைப் பாக்கவே இல்லீங்களே."

சேவல்கூடக் கூவவில்லை.

"நான் பாத்தது இதுதானுங் மிஸ்" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்து அப்படியே கீழே திருப்பிவிட்டாள்.

நான் உட்கார்ந்திருந்தேன், அம்மிணி. சிலேட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. போனில் சின்னச் சின்னக் கட்டமாக முகங்கள், எல்லாம் என்னைப் பார்க்கின்றன. எழுந்திருக்கலாம் என்று பார்த்தேன், தலை தகட்டில் இடித்தது. டங் என்று. ஒரு பையன், "டேய், அடியில ஒரு பாட்டிடா" என்றான். நான் பாட்டி இல்லை, அத்தை. அதையும் சொல்ல முடியவில்லை. மிஸ் மட்டும் நிதானமாக, "வணக்கங்க" என்றார். நான் சிலேட்டை வைத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

"தன்ஷிகா, நீ போட்ட பக்கம் வேற இருக்கா? இருந்தா கொண்டு வா. நான் பாக்கணும்" என்று மிஸ் சொன்னார். இவள் ஓடினாள். தேடி எடுத்துவிட்டாள். போனுக்கு முன்னால் கொண்டுவந்து பிரித்தாள். பிரித்ததும் நின்றுவிட்டாள்.

ஏழு சிவப்பு அம்பு.

அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சமாதானம் செய்யத் தெரியும். தாளை மடித்துக்கொண்டு, "அது இல்லீங் மிஸ்" என்று சொல்லிப் போனை அணைத்துவிட்டாள். நூற்று நாற்பத்தேழு நாளும் மிஸ் 'பை' சொல்லாமல் அவள் அணைத்ததே இல்லை.

அன்றிலிருந்து பேச்சு இல்லை. சோறு போட்டால் சாப்பிடுகிறாள். தலை பின்னக் கூப்பிட்டால் வந்து உட்கார்கிறாள். பேச்சு மட்டும் இல்லை. நாச்சிமுத்து, "அந்தப் புள்ளைய உடுக்கா, தானாச் சரியாவா" என்கிறான். சுகந்திதான், "நங்கையா, நீங்க அஞ்சாங்கிளாஸ் பாஸாயிட்டீங்க. எம்புள்ள எப்பப் பாஸாவறது?" என்றாள். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை.

மிஸ் பெரிய மனசுக்காரர். நாச்சிமுத்துவுக்குப் போன் செய்து, அந்தப் பள்ளிக்கூடப் படம் வேண்டாம், குழந்தை போட்டதுதான் புத்தகத்தில் வர வேண்டும், வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணி வரை பார்க்கிறேன் என்றார். பள்ளிக்கூடம் மூடியாச்சு, அவர் குளித்தலையில் அவர் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். இவளிடம் திரும்பப் போடச் சொன்னோம். கிரையான் பெட்டியைத் தொடவே மாட்டேன் என்கிறாள்.

நான் என்ன செய்ய முடியும்? ஸ்டிக்கரைப் பிய்த்தேன். துணியில் ஒட்டினால் சுத்தமாக வந்துவிடும், இருபத்தேழு வருஷம் பார்த்தவள் நான். காகிதத்தில் அதுவும் கிரையான் மேல் ஒட்டிப் பார்த்ததில்லை. ஒவ்வொன்றும் வரும்போது வண்ணத்தையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டது. தேங்காய் எண்ணெய் தொட்டுப் பார்த்தேன், ஓரம் ஊறிப்போயிற்று. ஏழு இடத்தில் வெள்ளை.

அதனால்தான் இரண்டாவது தாள். அதே மாதிரி நான் இன்னொன்று போட்டிருக்கிறேன். இந்தத் தடவை என் இஷ்டப்படி இல்லை, அவள் போட்டபடியே. ஆறு விரலும் போட்டேன். மூன்று கால்தான் போட்டேன். ஐம்பத்திநாலு என்று என் கையாலேயே எழுதினேன் அம்மிணி, எழுதிவிட்டு எழுந்து போய்க் கொஞ்ச நேரம் வாசலில் நின்றேன். நாலு நாள் ஆயிற்று. கோடு நடுங்குகிற இடத்தில் நானும் நடுங்க வைத்திருக்கிறேன்.

மாயனூரா இது? அப்போது மணி பதினொன்று ஆகப்போகிறது. பார்க்கிறீர்களா? கை ஈரம் இல்லையே? ஓரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். இது அவள் போட்டது. இது நான் போட்டது. மிஸ்ஸிடம் எதைக் கொடுப்பது என்று பஸ் ஏறினதிலிருந்து யோசிக்கிறேன். இதைக் கொடுத்தால் ஏழு ஓட்டை. இதைக் கொடுத்தால்... இது நன்றாகத்தான் இருக்கிறது. யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

என்ன? ஆமாம். வாய் இல்லை. இரண்டிலும் இல்லை.

அதுதான் ஏழாவது. அவள் என்னைச் சிரிக்கிற மாதிரி போட்டிருந்தாள். இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரைக்கும் வாய். பல்லெல்லாம் தெரிந்தது, எண்ணினேன், பதினொன்று. மேசைக்கு அடியில் உட்கார்ந்து நான் சிரிக்கவில்லையே! வேலை பார்த்தேன். உள்ளதைத்தானே போட வேண்டும்? அதனால் வாயில் ஒரு அம்பு. பிய்க்கும்போது மற்ற இடத்திலாவது கொஞ்சம் வண்ணம் மிச்சம் இருந்தது, வாய் மொத்தமாக ஸ்டிக்கரோடு வந்துவிட்டது.

என் தாளில் மற்றதெல்லாம் போட்டுவிட்டேன். வாய் வரவில்லை. வேறு காகிதத்தில் பதினாலு தடவை போட்டுப் பார்த்தேன். ஒரு தடவை போட்டால் பேய் மாதிரி இருக்கிறது, ஒரு தடவை போட்டால் பல் வலிக்காரி மாதிரி இருக்கிறது. கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பார்த்தேன், அதுவும் அவள் போட்ட மாதிரி இல்லை. அவள் எதைப் பார்த்துப் போட்டாள் என்றே தெரியவில்லை.

அவளிடமே கேட்பதா? நீங்கள் சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். பேசினால்தானே கேட்பது? வீட்டில்தான் இருக்கிறாள், படிக்கிற போன் அவளிடம்தான் இருக்கிறது. தம்பி நம்பரிலிருந்து கூப்பிட்டால் எடுப்பாள், எனக்குக் கொடுத்தால் வைத்துவிடுவாள். எனக்கென்று போன் இல்லை. நான் யாரையும் கூப்பிட்டதும் இல்லை.

உங்கள் போனிலா? வேண்டாம் அம்மிணி. உங்களுக்கு எதற்குச் சிரமம்.

தெரியாத நம்பர் என்றால் எடுப்பாள், இல்லையா? எடுப்பாள். ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா என்று நினைத்து எடுத்துவிடுவாள்.

சரி, கொடுங்கள். நம்பர் எனக்கு மனப்பாடம், நான் சொல்லச் சொல்ல நீங்களே அழுத்துங்கள். மணி அடிக்கிறதா? இப்படிக் காதில் வைத்தால் போதுமா?

ஹலோ. ஆமாங் கண்ணு, நான்தான். வெச்சுடாத. வெச்சுடாத சாமி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், அப்புறம் வெச்சுக்க. அந்தப் படத்துல நான் சிரிக்கறனே. நெசமா நான் சிரிச்சனா?

ம்.

எப்பொ?

ம். ம். அதுக்குமா? முந்தானைய வெச்சு மூடிட்டுத்தான கண்ணு இருந்தேன். கண்ணு தெரிஞ்சுதா? சரி. சரி. எத்தனை தடவை இருக்கும்?

ம்.

இல்ல, நான் தொட மாட்டேன். நான் போட்டது ஒண்ணு இருக்குது, அது வேண்டாம். உன்றதத்தான் கொண்டு வரேன். ஆமா, ஓட்டையாத்தான் இருக்குது, எண்ணெய் வேற பட்டுப்போச்சு. அதுக்கு மேல கிரையான் பிடிக்குமா? நீ போடு. எப்படி வேணுமோ போடு, நான் அந்தப் பக்கமே வரல. ஆறு வெரலே இருக்கட்டும் கண்ணு. பெட்டியை எடுத்து வை, வந்துட்டே இருக்கறேன்.

கொஞ்சம் இருங்கள் அம்மிணி, போனை வாங்கிக்கொள்ளாதீர்கள். இன்னும் ஒன்று. மிஸ்ஸுக்கு. அவர் நம்பரும் தெரியும், வகுப்புக் குரூப்பில் முதலில் இருக்கிற நம்பர் அதுதான். போடுங்கள். சீக்கிரம் போடுங்கள், யோசித்தால் பேச மாட்டேன்.

வணக்கங்க மிஸ். நான் மாராத்தாள் பேசறனுங்க. தன்ஷிகா அத்தை. மேசைக்கு அடியில இருந்தனுங்களே, அது நான்தானுங்க. மிஸ், முப்பத்தாறாவது தாள் இன்னும் முடியலீங்க. குழந்தை போட்டுட்டு இருக்கறா. பிரஸ்காரரைக் கொஞ்சம் உக்கார வையுங்க. ஆமாங்க. சாயங்காலம் நாலு மணிக்குள்ள. இல்லீங்க, நான் தனியா வரல, அவளையே கூட்டிட்டு வரேன், அவளே குடுப்பா. அந்த ராணிப் பட்டத்தையும் மாத்திப்போடுங்க மிஸ், அது அவளுக்குச் சேராது. எனக்கும் வேண்டாமுங்க. சரிங்க. சரிங்க மிஸ்.

இந்தாங்கள் உங்கள் போன். இரண்டு போன் கால், ஒன்பது நிமிஷம் இருக்கும். கண்டக்டரிடம் கொஞ்சம் சொல்லுங்களேன், நான் சொன்னால் அவர் காதில் விழாது. கிருஷ்ணராயபுரத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். எதிர்ப்பக்கம் போய்க் கரூர் பஸ் பிடித்தால் பன்னிரண்டுக்குள் வீடு. அவள் போட ஒரு மணி நேரம். ஒன்றரைக்குக் கிளம்பினால்கூட நாலுக்குள் குளித்தலை வந்துவிடலாம். வந்துவிடலாம் இல்லையா?

அந்தத் தாளைக் கொடுங்கள், அவள் போட்டதைக் கொடுங்கள். மற்றது கிடக்கட்டும்.

என்ன சொன்னாளா? எத்தனை தடவை சிரித்தேன் என்று கேட்டேன் இல்லையா. பதினோரு நாளைக்கு அப்புறம் அத்தை என்று கூப்பிட்டாள், கூப்பிட்டுவிட்டு எனக்கே சமாதானம் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"எண்ணோணும்னு தெரியாமப் போச்சுங் அத்தை."